மணி பார்க்க மட்டும்

புதன்கிழமை மத்தியானம் இரண்டே காலுக்குத் தையல்காரியின் போனிலிருந்து அவள் வீட்டுக்கே அழைப்பு வந்தது.

துணி வெட்டுகிற மேஜையின் ஓரத்தில் அவள் கணவரின் போன் கிடந்தது. அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். சாப்பிட வந்தவர் தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். போன் அதிர்ந்து, அதிர்கிற வேகத்தில் நகர்ந்து, பாதி வெட்டின நீலத் துணியின் மேல் ஏறி நின்றது. திரையில் 'வீட்டம்மா' என்று எழுத்து ஓடியது. அந்தப் பெயரில் அவர் வைத்திருந்தது ஒரே ஒருத்தியின் எண்ணைத்தான். அந்த ஒருத்தி வாயில் நான்கு குண்டூசியைக் கவ்விக்கொண்டு அவருக்கு எதிரே நின்றிருந்தாள்.

“என்னடி இது, எதிர்ல நின்னுக்கிட்டே போன் பண்றே? திட்டணும்னா வாயாலேயே திட்டேன், புதுசா என்ன?”

அவள் சிரிக்கவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள். போன் திருட்டுப் போய் மூன்று நாள். திங்கட்கிழமை போன் கம்பெனிக் கடைக்கு நடந்து போய், தன் கையாலேயே கையெழுத்துப் போட்டு, அதை முடக்கிவிட்டு வந்திருந்தாள். சிம்மும் செத்தது, போனும் செத்தது. அதே எண்ணில் புது சிம் நாளைக்குத்தான் கைக்கு வரும். ஆகக்கூடி இன்றைக்கு அந்த எண் எந்தப் போனிலும் கிடையாது. கிடையாத எண் மணியடித்துக்கொண்டிருந்தது.

எடுத்தாள்.

முதலில் ஒன்றுமே கேட்கவில்லை. அப்புறம், இருட்டுக்குக் கண் பழகுகிற மாதிரி காது பழகப் பழக, ஒரு சத்தம் இருப்பது தெரிந்தது: போர்வைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு படுத்தால் நம் மூச்சு நம் முகத்திலேயே பட்டுத் திரும்புமே, அது மாதிரி, வெளியே போக இடமில்லாமல் போய்ப் போய்த் திரும்பி வருகிற ஒரு மூச்சு, அதற்கு நடுவே நகத்தால் ரப்பரைச் சுரண்டுகிற மாதிரி ஒரு கிறீச், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடி ஒரு கிறீச்.

“யாருன்னு எனக்குத் தெரியும்டி,” என்றாள் தையல்காரி. “பேசாம இருந்தா தெரியாதுன்னு நெனப்பா? கேட்டு எடுத்திருக்கக் கூடாது? வாயை வாடகைக்கா விட்டிருக்கே? அறுபது பிள்ளைங்களோட அளவு அதுக்குள்ள இருக்கு. வர்ற திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது. நான் என்ன, ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் போய் நின்னு உங்க பிள்ளை இடுப்பைக் காட்டுங்கன்னு கேக்கவா?”

மூச்சு நின்றது. அழைப்பும் அறுந்தது.

“முடக்கியாச்சுன்னு சொன்னியே,” என்றார் கணவர்.

“முடக்கலை. அந்தக் கடைக்காரி கையெழுத்தை வாங்கிட்டு, காகிதத்தை மேஜைக்கடியில போட்டுட்டு, டீ குடிக்கப் போயிட்டா. வேறென்ன?”

“ஒரு நடை தங்கச்சி வீட்டுக்குப் போய்க் கேட்டுட்டு வந்திருக்கலாம்.”

“நான் எதுக்குப் போகணும்? எடுத்தவ வரட்டும்.”

அவள் அவருடைய போனை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். “சாயங்காலம் வரைக்கும் இது என்கிட்ட இருக்கட்டும். அந்தக் கடையை இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்.” அவர் போன் இல்லாமலே லாரியை எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லிவிட்டால் இந்தக் கோபம் எங்கே பிறந்தது என்பது உங்களுக்கு விளங்கும்.

அன்றைக்குச் சாயங்காலம் சின்னது வந்திருந்தாள். தங்கைக்குப் பள்ளிக்கூடத்தில் எழுதின பெயர் வேறு. வீட்டில் சின்னது, சின்னது என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, முப்பத்தோரு வயசாகியும் அவள் சின்னதாகவே நின்றுவிட்டாள். கையில் ஒரு துணிப்பை. இடது புருவத்துக்கு மேலே மட்டும் பவுடரை அதிகமாக அப்பியிருந்தாள். ஒரு வாரமாக அவள் போனுக்கு அழைப்பே போகவில்லை. கேட்டதற்குக் கீழே விழுந்து உடைந்துவிட்டது என்றாள். அந்த வீட்டில் பொருள்கள் தாமாகவே கீழே விழுந்து உடையும்; அவளும் அடிக்கடி அப்படித்தான் விழுவாள்.

“ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேங்க்கா.”

“போன தடவை ஒரு வாரம்னு வந்தே. மறுநாள் உன் புருஷன் தெருமுனையில வந்து நின்னு மூஞ்சியைத் தொங்கப் போட்டதும் பையைத் தூக்கிட்டு அவன் பின்னாடியே போனே. தெருவே வேடிக்கை பாக்க அவன்கிட்ட சண்டை போட்டவ நான். நீங்க ரெண்டு பேரும் ராசி. கடைசியில உங்க குடும்பத்தைக் கெடுக்க வந்த ராட்சசி நான்தான்.”

“இந்தத் தடவை போக மாட்டேன்.”

“இதே பாட்டைத்தான் போன தடவையும் பாடினே, அதுக்கு முந்தியும் பாடினே. இது நாலாவது. முடிவெடுத்துட்டு வா, கதவு திறந்திருக்கும். இன்னைக்கு எனக்கு அறுபது சீருடை தைக்கக் கிடக்கு. உன் கதையைக் கேக்க நேரமில்லை.”

அவளை இப்போதே கெட்டவள் என்று தீர்த்துவிடாதீர்கள். மூன்று தடவை ஆற்றில் குதித்துத் தூக்கிக் கரையேற்றினவள், நான்காவது தடவை கரையில் நின்றபடியே கத்துகிறாள். பாசம் அலுத்துப் போனால் இப்படித்தான் கத்தும்.

சின்னது அழவில்லை. தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறேன் என்று உள்ளே போனாள், வந்தாள், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அரை மணி கழித்து ஒரு பையனின் தோள் அளவைப் பார்க்கப் போனைத் தேடினால், சார்ஜரின் ஒயர் மட்டும் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் போனின் பூட்டைத் திறக்க எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்குக் கோடு இழுக்க வேண்டும் என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். கணவரின் போனிலிருந்து அடித்துப் பார்த்தாள். அணைத்து வைத்திருந்தாள் கள்ளி.

இரவெல்லாம் கோபம் தூங்கவிடவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் போலீஸ் ஸ்டேஷனில் நின்றாள். புகார் எழுதி முத்திரை வாங்கினால்தான் கம்பெனியில் முடக்குவார்கள். யார் மேலே சந்தேகம் என்று ஏட்டு கேட்டார். சொன்னாள். தங்கையின் பெயர், தங்கை புருஷனின் ஒர்க்ஷாப், அங்கே இருக்கிற போன் நம்பர், எல்லாவற்றையும் அழுத்தமாக எழுதிக் கொடுத்தாள். அங்கிருந்து நேராகக் கம்பெனிக் கடை. கவுண்டரில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலி போட்டுக் கழுத்தில் தொங்கவிட்ட ஓர் அம்மாள். கடைசியாக ஒரு தடவை கேட்டாள்.

“முடக்கிட்டா எந்த சிம்மைப் போட்டாலும் வேலை செய்யாதும்மா. போலீஸ், ஆம்புலன்ஸ், எதுக்கும் போகாது. அப்புறம் அது மணி பார்க்க மட்டும்தான் ஆகும். சரிதானே?”

“ரொம்பச் சரி. மணி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கட்டும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்றைக்கு அதே கவுண்டரில் தையல்காரி கையை ஓங்கி அடித்தாள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

“முடக்கிட்டேன்னு சொன்னீங்க. மத்தியானம் அதுலேர்ந்து கால் வருது. என்ன பொழப்பு இது?”

“கத்தாதீங்கம்மா. பாக்கறேன்.” கவுண்டர் அம்மாள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனின் பதினைந்து இலக்க எண்ணைத் தட்டினாள். உள்ளே ஏசி ஓடியது. நெகிழி உறையின் வாசனையும் யாரோ போட்டிருந்த சென்ட்டின் வாசனையும் கலந்து குமட்டியது. “திங்கக்கிழமை காலையில பதினொண்ணு பத்துக்கு முடக்கியாச்சு. இதோ, பாத்துக்கோங்க. இன்னைக்கு அதுலேர்ந்து எந்தக் காலும் போகலை. போக முடியாது.”

“அப்ப என் வீட்டுக்காரர் போன்ல வந்தது பேயா?”

“வேற யாராவது...” கவுண்டர் அம்மாள் பாதியில் நிறுத்தினாள். திரையைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தத் திருப்பல் தையல்காரிக்குப் பிடிக்கவில்லை.

“என்ன?”

“ஒண்ணுமில்ல. முயற்சி பண்ணியிருக்காங்க.”

“என்ன முயற்சி?”

“முடக்கின பிறகு அந்தப் போன்லேர்ந்து யாராவது அடிச்சுப் பாத்தா, போகலைன்னு இங்க பதிவாகும். திங்கக்கிழமை பதினொண்ணு இருபத்தஞ்சுக்கு முதல் தடவை. உங்க நம்பருக்குத்தான். அதாவது, உங்க வீட்டுக்காரர் நம்பருக்கு. மூணு தடவை.” கவுண்டர் அம்மாளின் விரல் திரையில் மெதுவாக இறங்கியது. “அதுக்கப்புறம் எல்லாமே போலீஸ் எண். வேற யாருக்கும் அடிக்கலை.”

“எத்தனை?”

“முப்பத்தெட்டு.”

தையல்காரி எட்டித் திரையைத் தன் பக்கம் இழுத்தாள்.

“கடைசியா அன்னைக்குச் சாயங்காலம் நாலு நாப்பதுக்கு. அப்புறம் ஒண்ணுமில்ல. பேட்டரி தீர்ந்திருக்கும்மா,” என்றாள் கவுண்டர் அம்மாள். அவள் முகத்தில் கவுண்டர் போய்விட்டிருந்தது. வெறும் ஒரு பெண்ணாகத் தெரிந்தாள்.

“எடுத்து விடுங்க. இப்பவே எடுத்து விடுங்க அந்த முடக்கத்தை.”

“என்னால முடியாது. திருட்டுன்னு நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. பொருள் கிடைச்சதும் கையோட கொண்டு வந்து காட்டினாத்தான் எடுக்க முடியும். அதுக்கும் ரெண்டு நாள் ஆகும்.”

“பொருள் அவகிட்ட இருக்கு! அவ எங்க இருக்கான்னு தெரிஞ்சுக்கத்தான் எடுத்து விடுங்கன்னு சொல்றேன்! இது கூடவா மண்டையில ஏறலை?”

கவுண்டர் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிச் சங்கிலியில் தொங்கவிட்டாள். யார் மேல் கத்துகிறோம் என்பது பாதியிலேயே தையல்காரிக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இன்னும் சத்தமாகக் கத்தினாள். காவலாளி வந்து முழங்கையைத் தொட்டபோது உதறிவிட்டு வெளியே வந்தாள்.

கடையின் படிக்கட்டில் நின்றே ஸ்டேஷனுக்கு அடித்தாள். ஏட்டு குரலை அடையாளம் கண்டுகொண்டார்.

“அட, நீங்களா? உங்க புகார் விஷயமா அன்னைக்கே ஒர்க்ஷாப்புக்குப் போன் போட்டுக் கேட்டோமேம்மா. நீங்க இங்கிருந்து கிளம்பின பத்து நிமிஷத்துல. அவ புருஷன் பாவம், நல்ல மனுஷன், போன் விஷயமே தனக்குத் தெரியாதுன்னாரு. கேட்டுச் சொல்றேன்னாரு. மத்தியானம் அவரே கூப்பிட்டு, அவ போனோட ஓடிட்டான்னு சொல்லிட்டாரு. தேடிக்கிட்டிருக்கோம்.”

“யாரைத் தேடறீங்க?”

“உங்க தங்கச்சியைத்தான். திருட்டுக் கேஸ்ல.”

“அவ ஓடலைங்க. அவளை அவன் என்னமோ பண்ணிட்டான். ஆளை அனுப்புங்க.”

“அதுக்கு ஒரு புகார் எழுதிக் கொடுங்க. வந்து எழுதுங்க, பாக்கலாம். ஆனா ஒரே ஆளைத் திருடின்னும் காணோம்னும் நீங்களே எழுதினா, நாங்க எதைன்னு எடுத்துக்கறது?”

அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள், கடித்துத் துப்பிவிடலாமா என்கிற மாதிரி. அந்த நொடியில் அது கைக்குள்ளேயே அதிர்ந்தது.

வீட்டம்மா.

தெருவில் பஸ் போனது, பள்ளிக்கூட வேன் போனது, ஒருவர் பழக்கூடைத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அத்தனை சத்தத்தையும் தாண்டி அந்த மூச்சு துல்லியமாகக் கேட்டது. போய், இடித்து, திரும்பி வருகிற மூச்சு.

“சின்னது? ஏய், சின்னது, எங்கடி இருக்கே?”

“நீளம் ஆறு,” என்றது குரல்.

சின்னதின் குரல்தான். ஆனால் அவளிடம் பேசுகிற மாதிரி இல்லை. வேலை நடக்கிறபோது பேசுகிற குரல். “நீளம் ஆறு சாண். எழுதிக்கோக்கா. முழங்காலை மடக்கினாத்தான் ஆறு. அகலம் மூணு. மேல... மேல மூணு. இல்ல. கொஞ்சம் குறையுது. எழுதிட்டியா?”

பன்னிரண்டு வயசில் தையல்காரி தைக்கக் கற்றுக்கொண்டபோது வீட்டில் அளவு நாடா கிடையாது. சாணால்தான் அளப்பார்கள். ஒருத்தி அளந்து சொல்வாள், இன்னொருத்தி எழுதுவாள். வளர்ந்த பிறகு ஒருநாள் உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துப் பார்த்தார்கள். கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரைக்கும் இரண்டு பேருக்கும் ஒரே சாண், ஒரு நூல் கூட வித்தியாசமில்லை. இன்றைக்கும் நாடா கைக்கு எட்டாதபோது அவள் அதே சாணைத்தான் விரிக்கிறாள்.

“என்னடி அளக்கறே? எங்க இருக்கே, சொல்லித் தொலையேன்!”

“நீளம் ஆறு சாண். எழுதிக்கோக்கா.”

கேட்கவில்லை. அவள் பேசுவது அந்தப் பக்கம் கேட்கவே இல்லை. அங்கிருந்து இங்கே வருகிறது. இங்கிருந்து அங்கே போகவில்லை. வழியை அடைத்தது யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கையைக் காட்டி ஒரு ஆட்டோவை நிறுத்தினாள்.

தங்கை வீட்டுக்கு முன்பக்கம்தான் ஒர்க்ஷாப். தங்கை புருஷன் குளிர்பெட்டி ரிப்பேர் செய்கிறவன். கடைகளில் ஐஸ்கிரீமும் பாலும் வைத்திருப்பார்களே, மேல்பக்கம் மூடி திறக்கிற பெரிய பெட்டி, அது. பழையதை வாங்கி, மோட்டார் மாற்றி, வெள்ளை பெயிண்ட் அடித்து விற்பான். ஆட்டோ போய் நின்றபோது வெயில் இறங்கியிருந்தது. ஷட்டர் பாதி மட்டும் தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள்.

எரிகிற ஒரே குழல் விளக்கு, அணைந்து அணைந்து எரிந்தது. சுவரை ஒட்டி இரண்டு பக்கமும் வெள்ளைப் பெட்டிகள், மூடினவையும் மூடி கழற்றினவையும், நடுவில் ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி. ஈர ரப்பர், பெயிண்ட், கருகின ஒயர், எண்ணெய் எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை; அதற்கும் அடியில், மூக்கு பிடித்துக்கொண்டு விடாத இன்னொன்று, இனிப்பு மாதிரி, மூடி வைத்து மறந்துபோன பாத்திரம் மாதிரி. ஓடுகிற பெட்டிகளின் உறுமல் தரை வழியாகப் பாதத்தில் ஏறியது.

அவன் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து ஒயரின் முனையைச் சீவிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். மரியாதைக்கு என்றைக்கும் குறை வைக்காதவன்.

“வாங்கக்கா. உக்காருங்க.”

“எங்க அவ?”

“என்னைக் கேட்டா? உங்க போனைத் தூக்கிட்டுப் போனவ, உங்களுக்குத்தானே தெரியணும்.”

“மரியாதையாக் கேக்கறேன். எங்க அவ?”

“நான் கூட மரியாதையாத்தான் பேசறேன்.” அவன் கத்தியின் முனையால் நகத்துக்கு அடியில் இருந்த கறுப்பை எடுத்தான். “வீட்டுல இன்னொரு போன் இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா. புடவைக்குள்ளயே வெச்சிருந்திருக்கா. ஏட்டு கூப்பிட்டுச் சொன்னப்புறம்தான் தெரிஞ்சுது. நீங்க சொல்லலைன்னா தெரிஞ்சே இருக்காது. அதுக்கு உங்களுக்குத்தான் புண்ணியம்.”

அவள் அடிக்கப் போனாள். உண்மையிலேயே கையை ஓங்கினாள். அவன் நகரவில்லை. கண்ணை மட்டும் ஷட்டர் பக்கம் ஒரு தடவை ஓட்டினான், அது எவ்வளவு தூரம் திறந்திருக்கிறது என்று பார்க்கிற மாதிரி. ஓங்கின கை அப்படியே நின்றது. ஆட்டோ போய்விட்டது. கணவர் எந்தத் தெருவில் தண்ணீர் இறக்குகிறாரோ. அவள் இங்கே இருப்பது யாருக்கும் தெரியாது.

“தேடணும்னா தேடிக்கோங்க,” என்றான் அவன். அவளைத் தாண்டிப் போய் ஷட்டரின் கைப்பிடியைப் பிடித்தான். “கொசு வருது. இறக்கி விட்டுடறேன்.”

அவள் பைக்குள் போன் அதிர்ந்தது.

அவன் கை நின்றது.

அவள் வெளியே எடுத்தாள். வெளிச்சம் இரண்டு பேர் முகத்திலும் விழுந்தது. எழுத்தை அவனும் படித்தான்.

“யாரு வீட்டம்மா?”

“நான்தான்,” என்றாள் தையல்காரி. பச்சையைத் தொட்டாள். ஸ்பீக்கரைத் தொட்டாள்.

மூச்சு அந்த அறை முழுக்க நிறைந்தது. போய், இடித்து, திரும்பி வந்தது. பெட்டிகளின் உறுமலுக்கு நடுவே நகம் ரப்பரைச் சுரண்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை.

“நீளம் ஆறு சாண்,” என்றாள் சின்னது. “எழுதிக்கோக்கா.”

அவன் முகத்தில் அதுவரை அவள் பார்த்திராத ஒன்று வந்தது. ஒரு எட்டு பின்வாங்கினான். ஷட்டரில் முதுகு இடித்தது. தகரம் அதிர்ந்தது.

“அதை நிறுத்து,” என்றான்.

“அகலம் மூணு.”

“நிறுத்துடி! அதுல சார்ஜே இல்ல! நேத்து திறந்து பாத்தேன், அது அணைஞ்சு...”

சொன்னது காதில் விழுந்ததும் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்தின கையோடேயே குனிந்து, பாதி ஷட்டருக்கு அடியில் புகுந்து, விழுந்து எழுந்து ஓடினான். செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து தேய்ந்து போனது.

அவன் பின்னால் ஓட வேண்டும், தலைமுடியைப் பிடித்து இழுத்து வர வேண்டும் என்று உடம்பு துடித்தது. கால் போகவில்லை. கால் பெட்டிகளின் பக்கம் திரும்பியிருந்தது.

போனை இடது கையில் பிடித்துக்கொண்டாள். வலது கையை விரித்தாள்.

முதல் பெட்டி. ஒன்று, இரண்டு, மூன்று... எட்டு சாண். இல்லை.

அடுத்தது. ஏழு. இல்லை.

அடுத்தது கண்ணாடி மூடி. உள்ளே வெற்றுக் கம்பி.

“எழுதிட்டியாக்கா?”

“எழுதறேன். எழுதறேன்டி.”

அடுத்தது உறுமியது. கை வைத்தாள், ஜில்லென்றது. ஐந்து சாண். இல்லை.

கடைசியில் மூலையில் ஒன்று. உறுமவில்லை. மேலே தார்ப்பாய். தார்ப்பாயின் மேல் பழைய மோட்டார்கள், மூன்று, இரும்பு, ஒவ்வொன்றும் ஒரு குழந்தை கனம். ஓரத்தில் விரலை வைத்தாள்.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

நான்கு.

ஐந்து.

சுண்டுவிரல் ஓரத்தைத் தொட்டது. ஆறு.

மோட்டாரைத் தள்ளினாள். நகரவில்லை. போனைப் பல்லில் கவ்விக்கொண்டு இரண்டு கையாலும் தள்ளினாள். ஒன்று விழுந்தது. இன்னொன்று. மூன்றாவது அவள் காலில் விழுந்தது. அது அப்புறம்தான் வலித்தது. தார்ப்பாயை இழுத்தாள். மூடியின் விளிம்பு முழுக்கப் பழுப்பு டேப். புதுசு. கிழித்தாள். நகம் பெயர்ந்தது. கிழித்தாள்.

மூடியைத் தூக்கினாள்.

வாசனை முதலில் வந்தது. அவள் தலையைத் திருப்பவில்லை.

சின்னது ஒருக்களித்துக் கிடந்தாள், முழங்கால் முகவாயைத் தொட. மடித்து வைத்த துணி மாதிரி. கண் திறந்திருந்தது. உதடு காய்ந்து பல்லோடு ஒட்டியிருந்தது. காதோடு சேர்த்துப் பிடித்திருந்த போனின் திரை கறுப்பு. வலது கை மட்டும் மேலே தூக்கியபடியே விறைத்திருந்தது; கட்டைவிரலும் சுண்டுவிரலும் முடிந்த மட்டும் விரிந்து, நகமெல்லாம் தேய்ந்து, மூடி இருந்த இடத்தில் இப்போது வெறுங்காற்றைப் பிடித்துக்கொண்டு.

திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. பார்த்ததும் தெரிந்தது. நாலு நாற்பதுக்கு.

தையல்காரி வாயிலிருந்து போனை எடுத்தாள். எச்சிலோடு எடுத்தாள். மணித்துளிகள் திரையில் ஓடிக்கொண்டிருந்தன. அழைப்பு அறுந்திருக்கவில்லை.

மூச்சு போனது. இடித்தது. திரும்பி வந்தது.

“அக்கா,” என்றாள் சின்னது, அசையாத அந்த உதட்டுக்கு நேர் மேலே, கணவரின் போனிலிருந்து. “இன்னும் திறக்கலையாக்கா? இருட்டாவே இருக்கே.”

“திறந்துட்டேன்டி. பாரு. திறந்துட்டேன். நான்தான். இதோ பாரு.” பெட்டிக்குள் குனிந்தாள். அந்தக் கன்னத்தைத் தொட்டாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். “திறந்துட்டேன்! கண்ணு திறந்துதானே இருக்கு! பாரேன்டி!”

அந்தப் பக்கம் சுரண்டல் நின்றது.

“சரிக்கா,” என்றது குரல். அதில் கோபமே இல்லை. “உன் கோவம் தீர்ந்ததும் திற. நான் இங்கதான் இருக்கேன்.”

தூக்கின கை தூக்கினபடியே நின்றது. ஒரு விரல் கூட அசையவில்லை. போனில் நகம் மறுபடியும் ரப்பரைச் சுரண்ட ஆரம்பித்தது.